போகிக்கு முன் ஒரு வார்த்தை

சேதராப்பட்டு
12-1-2025, ஞாயிற்றுக்கிழமை
பொருள்: எழுதியதைத் தேடினால் கிடைக்கும்படி வைப்பது பற்றி



என்ன இது, சார் முகநூலிலும் விடுப்புக் கடிதம் மாதிரி இடம், தேதி, பொருள் எல்லாம் போட ஆரம்பித்துவிட்டாரே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஏன் போட்டேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொங்கல் லீவில் ஆற அமரப் படியுங்கள்.

நாளைக்குப் போகி. காலையிலிருந்து எங்கள் வீட்டில் பரணைச் சுத்தம் செய்யும் வேலை நடக்கிறது. ஓட்டைக் கூடை, கிழிந்த பாய், பழைய நோட்டுகள் எல்லாம் வாசலில் குவிந்துகொண்டிருக்கின்றன. அந்தக் குவியலைப் பார்த்ததும் போன மாதம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மறுக்கிறது.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்ததே, அந்த மழை ஓய்ந்து ஒரு வாரம் இருக்கும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா காலமானார். வயதானவர், இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தவர். நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள்.

"சார், அப்பாவப் பத்தி நீங்க முன்னாடி ஒண்ணு எழுதினீங்க இல்ல? பதினாறாம் நாள் காரியத்துக்கு அத அச்சடிச்சு வர்றவங்களுக்குக் குடுக்கலாம்னு நினைக்கறேன். அத அனுப்ப முடியுமா சார்?"

எழுதியது நன்றாக நினைவிருந்தது. அந்த மனிதர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றியதால் எண்கள் மட்டும் தெரியும். சாயந்திரம் மகள் வீட்டுக்கு வந்ததும் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். எழுத்து புரியாது. மேலே தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். நான் வகுப்பில் "தேதி போடாத பாடத்தைத் திருத்த மாட்டேன்" என்று சொன்னதை மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், செவ்வாக்கிழமைக்கு ஒண்ணும் எழுதலியே, அன்னிக்குப் பாடம் நடக்கலியா?" என்று கேட்டார். நடக்கவில்லைதான். அன்றைக்கு நான் லீவு. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு மனிதர் என்னிடம் கணக்குக் கேட்டார், நான் பதில் சொன்னேன். முப்பத்தைந்து வருட வேலையில் என்னை நேர்மையாக வைத்திருந்தவர்களில் அவர் ஒருவர் என்று எழுதியிருந்தேன்.

"ஒரு மணி நேரத்துல அனுப்பறேம்மா" என்றேன். இரண்டு ராத்திரி தேடினேன். கிடைக்கவில்லை.

கிடைக்காததற்கு யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. தலைப்பு வைக்கவில்லை. அவர் பெயர் போடவில்லை, "ஒரு பெற்றோர்" என்று எழுதியிருந்தேன். எப்போது நடந்தது என்று போடவில்லை, "அந்தக் காலத்தில்" என்று எழுதியிருந்தேன். ஊர் பெயரும் இல்லை, "நம்ம ஊரில்". தேடுவதற்கு ஒரு பிடி வேண்டாமா? ஆயிரத்துக்கு மேல் பதிவுகள், எல்லாம் ஒரே குவியல். முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துத்தான் தட்டச்சு செய்வது என் வழக்கம். அந்த நோட்டைத் தேடினேன். புயல் மழையில் பரண் ஒழுகி, நோட்டுக்கட்டு நனைந்து, மை ஊறி நீலமாகக் கிடந்தது. காரியம் முடிந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பரவாயில்ல சார்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய அடி. நாலு நாள் கழித்து அவளே ஒரு வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பினாள். அவள் சித்தப்பா மகனுக்கு எங்கிருந்தோ வந்ததாம். நான் எழுதியதுதான். ஆனால் என் பெயர் இல்லை. பால் சொசைட்டி இல்லை, கூலித்தொழிலாளி என்று இருந்தது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் நாலு வரி சேர்த்திருந்தார்: அந்த மகள் படித்து, பெரிய வேலைக்குப் போய், அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டாளாம். "கண்ணீர் வந்தால் பகிருங்கள்" என்று முடிந்தது.

அதற்குக் கீழே அவள் ஒரே வரி கேட்டிருந்தாள். "சார், இது எங்க அப்பாதானே? நான் எங்க சார் அவர விட்டேன்?"

இரண்டு வருடம் அப்பாவுக்குக் கழுவித் துடைத்துச் சோறு ஊட்டியவள் அவள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. கதையை மாற்றியவன் மேல் முதலில் கோபம் வந்தது. விடியற்காலையில் கோபம் என் பக்கம் திரும்பியது. பொங்கலுக்கு நாம் மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசுகிறோம். அழகுக்காக மட்டுமா? நம் மாடு என்று ஊருக்குத் தெரியவும்தான். அடையாளம் எதுவும் வைக்காமல் மந்தையில் விட்டுவிட்டு, எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான் என்று அழுதால் என்ன நியாயம்? எழுத்துத் தெரியாத மனிதர் தேதியைப் பார்த்தார். அவரைப் பற்றி எழுதிய வாத்தியார் தேதி போடவில்லை.

பள்ளியில் இதை நான் எப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஐம்பது வயதான ஒருவர், எப்போதோ படிப்பை விட்டவர், மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டு வருவார். "சேர்க்கை எண் தெரியுமா?" என்று கேட்போம். தெரிந்தால் பத்து நிமிடம். எண் தெரியாவிட்டாலும் சேர்ந்த வருடம் தெரிந்தால் அரைநாள். இரண்டும் தெரியாவிட்டால் "நாளைக்கு வாங்க, நாளன்னிக்கு வாங்க" கதைதான். சேர்க்கைப் பதிவேட்டில் அழகான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. எண், பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, அவ்வளவுதான். ஆனால் வேலைக்கோ பென்ஷனுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ ஒருவர் வந்து நிற்கும்போது அந்த வறண்ட ஏடுதான் அவருக்குக் கை கொடுக்கும்.

வருகைப் பதிவேட்டையும் நினைத்துப் பாருங்கள். தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது, மேலேயே எழுதவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய தப்பும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்பதும் தெரிய வேண்டும். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இருபது வயதில் எனக்குக் கற்றுக்கொடுத்த இந்த ஒழுக்கத்தை, அறுபது வயதுக்கு மேல் கையில் போன் வந்ததும் காற்றில் விட்டுவிட்டேன்.

இது நமக்குப் புதிது இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் வெட்கம். நம் பாகூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, இன்றைய பேச்சில் கல்லூரிக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடுகள் 1879இல் கிடைத்தன. அரசன் யார், எந்த ஆண்டு, கேட்டுப் பெற்றவர் யார், எந்தெந்த ஊர், எதற்காக, எல்லாம் இருக்கிறது. பாட்டை இயற்றியவர் பெயரும் ஏட்டில் வெட்டியவர் பெயரும்கூட இருக்கின்றன. கூலிக்கு வெட்டிக் கொடுத்தவர்தானே என்று விட்டுவிடவில்லை. பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் கிராமப்புறத்தில் ஒரு கல்லூரி இருந்தது என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிவது அதனால்தான்.

அடுத்தது புதுச்சேரி டவுன். மார்க்கெட்டுக்குப் போகும்போது ரங்கப்பிள்ளை தெருவை எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். துய்ப்ளேக்ஸ் காலத்துத் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1761 ஜனவரி 12இல் கடைசிக் குறிப்பு. அதே மாதத்தில் அவர் காலமானார். நாலு நாளில், ஜனவரி 16ஆம் தேதி, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. இன்றைக்கும் ஜனவரி 12. இந்தப் பதிவை இன்றைக்கே போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவர் என்ன எழுதினார்? கப்பல் வந்தது, கப்பல் போனது, துணிமூட்டை, விலை, பேரம், கவர்னர் என்ன சொன்னார், துரைசானி என்ன சொன்னாள், சகுனம், ஜாதகம், ஊர் வம்பு. ஒவ்வொரு குறிப்புக்கும் தலையில் தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டார். அவர் காலத்தில் அது அச்சாகவில்லை. அவர் போய் 85 வருடம் கழித்து, 1846இல், கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படி எடுக்க ஏற்பாடு செய்தார். பிறகு சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எவரும் இன்று அந்த நாட்குறிப்பைத் தொடாமல் போக முடியாது. நம் ஊர்க்காரர் பிரபஞ்சன் அதைக் கையில் வைத்துக்கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது.

இவ்வளவு அருமையான நாட்குறிப்பிலும் இடையிடையே பகுதிகள் கிடைக்கவில்லை. அவை கரையான் அரித்தனவோ, நனைந்தனவோ, யாராவது போகியில் போட்டார்களோ. ஆனால் எந்த நாள் முதல் எந்த நாள் வரை இல்லை என்பது நமக்குத் தெரிகிறது பாருங்கள். தேதி போட்டதன் பலன் அது. தேதி போடாதது தொலைந்தால், தொலைந்தது என்பதுகூடத் தெரியாது.

"நாம என்ன ஆனந்தரங்கப் பிள்ளையா சார்? காலை வணக்கமும் கல்யாண போட்டோவும்தானே போடறோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நான் எழுதுவதில் தொண்ணூறு சதவீதம் குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பத்து தேறும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. துணிமூட்டை விலையை எழுதும்போது அது சரித்திரம் ஆகும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்குமா? பால் சொசைட்டிக்காரரைப் பற்றி நான் எழுதியபோது, அது ஒரு மகளுக்கு அப்பாவைப் பற்றி அச்சில் வைக்க ஒரே சாட்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு வேறு யார் எழுதப்போகிறார்கள்? கல்வெட்டா வெட்டுவார்கள்?

இனி அடுத்தவர் எழுத்தை எடுத்து அனுப்புவதைப் பற்றி. இன்றைக்கு எழுதியவர் பெயர் தெரியாத எந்த நல்ல வாக்கியத்தையும் அப்துல் கலாம் தலையில் கட்டிவிடுகிறோம். அவர் சொல்லாததை எல்லாம் சொன்னதாக ஆக்கி, அவர் உண்மையில் சொன்னதையும் சந்தேகப்படும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். நம் முன்னோர் இதில் எவ்வளவு யோக்கியமாக இருந்தார்கள் தெரியுமா? குறுந்தொகையைத் தொகுத்தபோது சில பாட்டுகளுக்குப் புலவர் பெயர் கிடைக்கவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? பெரிய பெயர்கள், பாட்டுக்கும் மதிப்பு கூடியிருக்கும். அப்படிச் செய்யவில்லை. பாட்டுக்குள் இருக்கும் ஒரு தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். இன்னும் சில பாட்டுகளைப் பெயர் போடாமலே விட்டிருக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒழுக்கம்தான் எனக்குப் பாட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

உ.வே.சா. அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, ஏடு கொடுத்து உதவியவர்களை முகவுரையில் பெயர் சொல்லி நன்றி பாராட்டினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில், உலகம் முழுவதும் இருக்கிற தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு நூலின் முகப்பிலும் உள்ளிட்டவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று இருக்கும். யாரும் எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் அந்த முகப்புப் பக்கத்தை வெட்டாமல் கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. காசு கேட்கவில்லை, பெயரை எடுக்காதே என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நாம் முதலில் வெட்டுவது அந்தப் பெயரைத்தான்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் புதுச்சேரியில் இருந்தார். பல புனைபெயர்களில், பல பத்திரிகைகளில் எழுதினார். அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, எது எந்தத் தேதியில் வந்தது என்று கண்டுபிடித்துக் காலவரிசையாக அடுக்குவதற்கே சீனி. விசுவநாதன் என்ற ஒரு மனிதர் வாழ்நாளைக் கொடுத்தார். அந்த 23 தொகுதிகள் போன மாதம், டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளில் டெல்லியில் வெளியாயின. பாரதிக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். நமக்கு யாரும் வர மாட்டார்கள். நம் எழுத்தை நாமேதான் அடுக்க வேண்டும்.

"எல்லாம் நெட்டுல இருக்கும் சார், எங்க போகப்போகுது?" என்று என் பேரன் சொல்கிறான். போகும். ஆர்க்குட் நினைவிருக்கிறதா? 2004 வாக்கில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். 2014 செப்டம்பர் 30இல் மூடிவிட்டார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. யாகூ குழுமங்களில் தமிழ் எழுதக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறையே இருந்தது. அதுவும் 2020 டிசம்பரோடு முடிந்தது. மூடுவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள்தான். எடுத்துக்கொண்டவர் எத்தனை பேர்? அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசலாம். பெட்டி, பத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வரலாமா?

ஓலையும் அப்படித்தான் இருந்தது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் ஓலை நூறு, இருநூறு வருடம் தாங்கினால் பெரிது. அதனால் படி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். படி எடுக்காமல் விட்டது போயிற்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் போட்டதைக் கேட்டு உ.வே.சா. பதறினார். போட்டவர்களுக்கு அது பாவமாகப் படவில்லை, பழசை முறைப்படி கழிப்பதாகத்தான் நினைத்தார்கள். நாளைக்கு நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் வைத்துக்கொள், எல்லோருக்கும் கிடைக்கும்படி வை என்று நான் சொல்லவில்லை. அதிலும் நான் அடி வாங்கியிருக்கிறேன். என் மாணவன் ஒருவன் நாலாம் வகுப்பில் செய்த குறும்பை, பெயரோடு, சிரிக்கச் சிரிக்க எழுதினேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவன் வந்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் அவன் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். முதலில் வந்தது என் பதிவு. "கொய்யா திருடினது நான்தான் சார், இல்லேங்கல. ஆனா அதையே எத்தனை வருஷம் சார் சொல்லிக்கிட்டிருப்பீங்க?" என்று கேட்டான். அந்த நிமிடமே எடுத்துவிட்டேன். கல்யாணம் நடந்தது, போய்ச் சாப்பிட்டும் வந்தேன். ஆனால் அவன் கேட்டது சரி. பத்து வயதுப் பையனின் தப்புக்கு முப்பது வயது ஆளைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்த வாத்தியாருக்கு என்ன உரிமை? ஐரோப்பாவில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் போன்ற அவர்களது நீதிமன்றமே, ஒருவருடைய பழைய கடன் செய்தியை அவர் பெயரைத் தேடினால் வரும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. செய்தி பத்திரிகையில் அப்படியே இருக்கலாம், ஆனால் பெயரைத் தட்டியவுடன் வந்து நிற்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

அப்படியானால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லையா என்று கேட்கலாம். யோசித்துப் பார்த்தேன், இல்லை என்றே தோன்றுகிறது. எழுதியது யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால் வழி தெரிகிறது. பால் சொசைட்டிக்காரர் கதை அவர் மகளுக்குச் சொந்தம். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. கொய்யா கதை அந்தப் பையனுக்குச் சொந்தம். ஊருக்குக் கிடைத்திருக்கக் கூடாது, கிடைத்தது. இரண்டிலும் நான் எழுதுகிற சுகத்தைப் பார்த்தேனே தவிர, எழுதப்பட்டவரைப் பார்க்கவில்லை.

அதனால் இந்தத் தை முதல் எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுப்பாடம் இல்லை, பிடித்தால் செய்யுங்கள்.

1. தலைப்பு, தேதி, இடம் இல்லாமல் எதையும் போடுவதில்லை. "நேற்று", "போன வாரம்", "நம்ம ஊரில்" என்று எழுதுவதில்லை. பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு எது நேற்று?

2. ஊர் பெயரையும் ஆள் பெயரையும் எப்போதும் ஒரே மாதிரி எழுதுவது. ஊசுடு ஏரி, ஊசுட்டேரி, உசுட்டேரி என்று மூன்று விதமாக எழுதிவிட்டு மூன்றாவதைத் தேடினால் முதலாவது எப்படி வரும்? என் பதிவு கடைசியில் கிடைத்தது ஊசுடு ஏரிப் பறவைப் படம் ஒன்றின் கீழே. படத்துக்கும் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த படத்தைப் போட்டிருக்கிறேன். 2017 ஆடி மாதம். படமும் எழுத்தும் சம்பந்தம் இருந்தால் மட்டும் சேர்ப்பது என்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. மாதம் ஒருமுறை ஒரு பொருளடக்கம். அந்த மாதம் எழுதியவற்றின் தலைப்பு, தேதி, ஒரு வரி விவரம். பதிவின் மேலே இருக்கும் தேதியைத் தொட்டால் அந்தப் பதிவுக்கு மட்டும் உரிய முகவரி கிடைக்கும், அதையும் பக்கத்தில் போட்டுவிடலாம். இந்தப் பட்டியலைப் பக்கத்தின் மேலேயே குத்திவைக்கும் வசதி இருக்கிறது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது பேத்தி, அவள் படிப்பது ஏழாம் வகுப்பு.

4. வருடத்துக்கு இரண்டு முறை, தையிலும் ஆடியிலும், எல்லாவற்றையும் இறக்கி ஒரு பென் டிரைவில் ஒன்று, வேறு ஒருவர் வீட்டில் ஒன்று என்று வைப்பது. முகநூல் அமைப்பிலேயே நம் தகவலைப் பதிவிறக்கும் வழி இருக்கிறது. முக்கியமானதைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். பரண் ஒழுகாத இடமாகப் பாருங்கள்.

5. தப்பு எழுதினால் சத்தமில்லாமல் மாற்றுவதில்லை. கீழே "திருத்தம்" என்று போட்டு, தேதியோடு எழுதுவது. ஒற்றைக் கோடும் சுருக்கொப்பமும்.

6. அடுத்தவர் எழுத்தை அனுப்பினால் பெயரோடு, அப்படியே அனுப்புவது. பெயர் தெரியாவிட்டால் "எழுதியவர் தெரியவில்லை". நாலு வரி சேர்க்கக் கை அரித்தால், சேர்த்தது நான் என்று தனியாகப் போடுவது.

7. உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றிப் பெயரோடு எழுதினால் முதலில் அவரிடம் காட்டுவது. எடுக்கச் சொன்னால் எடுப்பது, காரணம் கேட்காமல்.

ஏழு விதிதான். எட்டாவது சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும்.

அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஏன் சார் கேக்கறீங்க, மாத்தினது வேற யாரோ" என்றாள். இல்லையம்மா, பூட்டாமல் போட்டவன் நான் என்றேன். பிறகு அந்தப் பழைய பதிவை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். அவர் ஓட்டியது சைக்கிள்தான், ஆனால் அது அவருடையது இல்லை, மச்சானுடையதாம். செவ்வாய்க்கிழமை இல்லை, வியாழக்கிழமையாம், நோட்டு இன்னும் இருக்கிறதாம். எடுத்து வந்து காட்டினாள். முப்பது வருடத்து நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி. ஒரு பக்கமும் விட்டுப்போகவில்லை. அவர் பார்த்துப் பார்த்து வைத்ததாயிற்றே.

அவள் சம்மதத்தோடு, அவர் பெயரோடு, எழுதிய தேதியும் திருத்திய தேதியும் போட்டு, அந்தப் பதிவைப் பொங்கலன்று மறுபடி போடுகிறேன். யாருக்காவது அந்த முதியோர் இல்லக் கதை வந்திருந்தால், அனுப்பியவருக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள். அந்த மகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது. எனக்கும்தான்.

நாளைக்கு விடியற்காலை நெருப்பு மூட்டும் முன் நோட்டுக்கட்டு ஏதாவது இருந்தால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். பழைய பாயை எரியுங்கள். டயர் எரிக்காதீர்கள். தேதி போட்ட நோட்டு இருந்தால் உள்ளே எடுத்து வையுங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் சார்